மாமியார் கத்தும் இடம்

அந்த விமானக் கம்பெனியில் அவரைச் சொந்தப் பெயரால் அழைக்கிறவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் சம்பளப் பிரிவு கிளார்க், இன்னொருவர் கண் டாக்டர். மற்றவர்களுக்கெல்லாம் அவர் கழுகு. இப்படி ஒரு பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்டால் கேப்டன் வெட்கப்படுவதுபோல் தலையைக் குனிந்துகொள்வார். கொடுத்துக்கொண்டவரே அவர்தான். ஓய்வறையில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதெல்லாம், "நம்ம கண்ணு கழுகுக் கண்ணுப்பா" என்று ஆரம்பிப்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் அதையே பெயராக்கிவிட்டார்கள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே, வாத்தியார் கரும்பலகையில் அழித்துவிட்ட எழுத்தைக்கூடப் படிப்பாராம். அளந்து விடுவதற்கும் ஒரு வரைமுறை வேண்டாமா? தூரப் பார்வை அவருக்கு நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. கிட்டத்துப் பார்வைதான் ஐம்பது தாண்டியதும் காலை வாரிவிட்டது. ஹோட்டலில் மெனு அட்டையைக் கை நீளத்துக்குப் பிடித்துக்கொண்டு, "என்ன பிரின்ட் போட்டிருக்கான், சுத்த மோசம்" என்று கடைக்காரனைத் திட்டுவார். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும்.

கழுகின் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காரில் போகும்போது அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார்.

"என்னங்க, இந்தப் பக்கம் சைக்கிள் வருது."

"தெரியுது."

"சிக்னல் சிவப்பாயிடுச்சு."

"தெரியுது, தெரியுது."

"பொண்ணு காலைலேர்ந்து மூணு தடவ போன் பண்ணிட்டா, நீங்க எடுக்கவே இல்ல."

"அதான் தெரியுதுன்னு சொல்றேன்ல!"

டீச்சர் வாயை மூடிக்கொள்வார். இந்தத் 'தெரியுது' என்ற சொல் இருக்கிறதே, அது பெரிய கில்லாடி. கண்ணுக்கு எதிரே நிற்பதும் தெரியுது, மூளைக்கு எட்டியதும் தெரியுது, 'போதும் வாயை மூடு' என்பதும் தெரியுது. எதைச் சொல்கிறோம் என்று விளக்காமலே காலம் தள்ளிவிடலாம். கழுகு தன் வேலையிலும் அப்படித்தான் காலம் தள்ளினார்.

அவர் வாரத்தில் பாதி நாள் போய்வருகிற ஊர் ஒன்று உண்டு. விமான நிலையத்துக்கு முன்னால் ஒரு மலை. பெரிய மலை என்று சொல்ல முடியாது. பகலில் பார்த்தால், இதற்குப்போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும். ஆனால் அதன்மேல் ஒரு வீடில்லை, ஒரு விளக்கில்லை, ஒரு சாலைகூட இல்லை. பொழுது சாய்ந்ததும் மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. இருட்டோடு இருட்டாகக் கரைந்துவிடும். அதற்கு அந்தப் பக்கம் ஓடுபாதை விளக்குகள் மட்டும் வரிசையாக ஜொலிக்கும்.

இறங்குவதற்கு இரண்டு வழி. ஒன்று சுற்று வழி. ஊரைத் தாண்டிப்போய், சமவெளிப் பக்கம் வட்டமடித்து, கருவிகள் காட்டுகிற கோட்டைப் பிடித்து நேராக வரவேண்டும். இன்னொன்று குறுக்கு வழி. ஓடுபாதை கண்ணில் பட்டதும், "பார்த்துவிட்டோம், நாங்களே வந்துகொள்கிறோம்" என்று விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, மலையை ஒட்டியே திரும்பிப் பொசுக்கென்று இறங்கிவிடலாம். பகலில் அதில் தப்பே இல்லை. மலை மலையாகத் தெரியும், விலகிப் போகலாம். இரவிலும் சிலர் அப்படியே இறங்கினார்கள். விமானிகளுக்கெல்லாம் தலைவராக ஓர் அதிகாரி இருந்தார். எல்லோரும் அவரைச் சிக்கனம் என்பார்கள். குறுக்கு வழியில் இறங்கினால் எரிபொருள் மிச்சம் என்பதால் அவர் அதைத் தடுக்கவில்லை. இறங்குங்கள் என்றும் வாயால் சொன்னதில்லை. மாதக் கூட்டத்தில், "நம்ம கழுகப் பாருங்க, எப்பவும் நேரத்துக்கு வந்துடறாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கெட்டிக்காரர்.

ஆனால் விமானத்துக்குள் ஒரு பெட்டி இருக்கிறதே! தரை, மலை, மேடு எல்லாவற்றின் உயரமும் அதற்கு மனப்பாடம். விமானம் எதன்மேலாவது போய் முட்டப்போகிறது என்று தோன்றினால் கத்தும். முதலில் "டெரெய்ன்! டெரெய்ன்!" என்று சத்தம் போடும். அப்புறமும் கேட்கவில்லையென்றால் "புல் அப்! புல் அப்!" என்று அலறும். தரை கிட்டே வந்துவிட்டது, மேலே தூக்கு என்று அர்த்தம். குறுக்கு வழியில் மலையோரம் திரும்பினால் பாதி நாள் அது "டெரெய்ன்" என்று கத்தாமல் இருக்காது. அந்தக் கம்பெனி விமானிகள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மாமியார் இன்னிக்கு என்ன சொல்றாங்க?"

"எப்பவும்போலத்தான், திட்டிக்கிட்டே வந்தாங்க."

இப்படிச் சிரித்துப் பேசிச் சிரித்துப் பேசி, அந்தச் சத்தம் கேட்டால் பயப்படவேண்டும் என்பதையே மறந்துவிட்டார்கள். வீட்டில் தினமும் கத்துகிறவர் ஒரு நாள் 'நெருப்பு' என்று கத்தினாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், அந்த நிலைதான். கம்பெனி விதி தெளிவாக இருந்தது. பகல் வெளிச்சத்தில் மலையை முழுசாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கத்தினால், கேப்டன் யோசித்து முடிவு செய்யலாம். இரவில் கத்தினால் யோசனைக்கே இடமில்லை, உடனே தூக்கவேண்டும். கழுகு இந்த விதியைப் பரீட்சையில் அட்சரம் பிசகாமல் எழுதி நல்ல மார்க் வாங்கியவர். விமானத்தில் அவருடைய விதி ஒரே சொல்தான்: தெரியுது.

அந்த வருஷம் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி காலியானது. மற்ற விமானிகளுக்குப் பாடம் எடுத்து, பரீட்சை வைத்து, நீ தேறினாய், நீ தேறவில்லை என்று சொல்கிற நாற்காலி. கழுகு அதற்காகப் பல வருஷமாக வாயில் எச்சில் ஊறக் காத்திருந்தார். சிக்கனமும், "உங்களுக்குத்தான் சார், ஒரு கெட்ட பேரும் இல்லாம இந்த மாசத்த ஓட்டிடுங்க" என்று காதோடு சொல்லியிருந்தார்.

அந்த மாதத்தில்தான் ஒரு நாள், பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில், கழுகு அந்த ஊருக்கு விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் துணை விமானியாக ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கேப்டன் பயிற்சிக்கு அவள் பெயர் அப்போதுதான் போயிருந்தது. அதிகம் பேசமாட்டாள், ஆனால் கேள்வி கேட்பாள். கழுகுக்குக் கேள்வி கேட்கிறவர்களைக் கண்டாலே ஆகாது.

ஓடுபாதை விளக்குகள் கண்ணில் பட்டன. கழுகு குறுக்கு வழிக்கு அனுமதி வாங்கிவிட்டார்.

"சார், இருட்டிடுச்சே. சுத்தியே போயிடலாமா?"

"ஏம்மா, நான் இந்த ஊருல எறங்க ஆரம்பிச்சப்ப நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க மாட்ட. அங்க பாரு, பளிச்சுனு தெரியுது."

விமானம் மலைப் பக்கமாகச் சாய்ந்து திரும்பியது. துணை விமானி வெளியே பார்க்கவில்லை, முன்னாலிருந்த திரையைப் பார்த்தாள். அதில் மலை இருந்த இடம் மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகிக்கொண்டிருந்தது.

"சார், திரையில சிவப்பா வருது. மலை?"

"தெரியுது."

அவள் கேட்டது மலையை. அவர் சொன்னது ஓடுபாதையை. பாவம், அவள் நம்பினாள். இவ்வளவு அனுபவம் உள்ளவர் மலையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று ஒரு மூச்சு விட்டாள். அதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டது. "டெரெய்ன்! டெரெய்ன்!"

"சார்!"

"தெரியுது, தெரியுது. இந்த எடத்துல இது எப்பவும் கத்தும்."

அப்போதுதான் அவள் தலையைத் தூக்கி வெளியே பார்த்தாள். ஓடுபாதையின் இந்த முனையில் இருந்த விளக்குகளைக் காணோம். அந்த முனை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இந்த முனை மட்டும் யாரோ துணியைப் போட்டு மூடினதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டு வந்தது. விளக்கு தானாக அணையாது. நடுவில் ஏதோ வந்தால்தான் மறையும். நடுவில் வருவதற்கு அந்த இடத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது.

"புல் அப்! புல் அப்!"

கழுகும் அதைப் பார்த்தார். பார்த்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில், "தெரியு..." என்றது.

"கன்ட்ரோல் என்கிட்ட!" என்று கத்திக்கொண்டே அவள் இயந்திர விசையை முழுக்க முன்னால் தள்ளி மூக்கைத் தூக்கினாள். விமானம் உறுமிக்கொண்டு ஏறியது. பின்னால் யாரோ வீல் என்று அலறினார்கள், ஒரு குழந்தை அழுதது. கீழே ஏதோ ஒன்று அவர்களை விட்டுவிட்டு நழுவிப்போனது. இருட்டில் அது என்னவென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நன்றாகவே தெரியும்.

சுற்று வழியில் வந்து இறங்கினார்கள். இறங்கி, இயந்திரம் நின்று, ஆட்கள் எல்லோரும் போன பிறகு, கழுகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நியாயமாக அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்லவேண்டும்? 'பிழைச்சோம்மா, உன்னாலதான்' என்று சொல்லவேண்டும். கழுகு சொன்னது இது:

"பெரியவங்க ஓட்டிக்கிட்டு இருக்கும்போது கையை வெச்சுப் புடுங்குறது நல்ல பழக்கம் இல்ல."

மாமியார் கத்தினால் அது தானாகவே பதிவாகி ஆபீசுக்குப் போய்விடும். ஆகவே இரண்டு நாளில் சிக்கனம் தன் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார். குளிரூட்டி போட்ட சின்ன அறை. மேசைமேல் கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர். சிக்கனத்தின் முகத்தைப் பார்த்தாலே அவருக்கு என்ன வேண்டும் என்பது புரிந்தது. இரவில் மாமியார் கத்தியும் கேப்டன் தூக்கவில்லை என்றால் பெரிய விசாரணை வரும், குறுக்கு வழி அடைபடும், யார் இத்தனை நாள் விட்டுவைத்தது என்ற கேள்வியும் வரும். மாமியார் சும்மா கத்தியது என்றால் ஒன்றும் வராது.

"கேப்டன் சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அப்ப சூரியன் மறைஞ்சு ரொம்ப நேரம் ஆயிடல. வானத்துல கொஞ்சம் வெளிச்சம் இருந்திருக்கும். என்ன நான் சொல்றது?"

பாலம் போட்டுக் கொடுத்துவிட்டார். நடந்து போகவேண்டியதுதான் பாக்கி.

"இருந்துது," என்றார் கழுகு. "லேசா இருந்துது."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுது."

"அவ்வளவுதான் விஷயம்," என்று சிக்கனம் பேனாவை மூடப்போனார். அந்தப் பெண் விடவில்லை.

"சார், என்ன தெரிஞ்சுது?"

இத்தனை வருஷத்தில் யாரும், டீச்சர் உட்பட, கழுகிடம் கேட்காத கேள்வி அது. உண்மையைச் சொன்னால் நாற்காலி போகும், பட்டம் போகும், ஓய்வறையில் நுழையும்போது சிரிப்பார்கள். உண்மையில் இதில் சிரிக்க என்ன இருக்கிறது? கறுப்பு இருட்டில் கறுப்பு மலையை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அது கண்ணின் குற்றமே இல்லை. 'எனக்குத் தெரியல' என்று மூன்று நொடியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வாய் அது. அவர் தண்ணீர்த் தம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மலைதான். மலை நல்லாவே தெரிஞ்சுது."

"எனக்குத் தெரியலையே சார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? கண்ணு ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

சிக்கனம் விழுந்து விழுந்து சிரித்தார். வீண் எச்சரிக்கை என்று எழுதி விஷயத்தை முடித்தார்கள். துணை விமானி பதற்றப்பட்டுவிட்டாள், இன்னும் கொஞ்ச காலம் பக்குவப்படட்டும் என்று கேப்டன் பயிற்சியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? மாமியார் சொன்னதும் கேட்டு நடந்தவள் ஆயிற்றே, ஓய்வறையில் அவளுக்கு மருமக என்று பெயர் வைத்தார்கள். "வாங்க மருமகளே, மாமியார் சௌக்கியமா?" என்பார்கள். அவள் காபியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். அவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாலு பட்டை வைத்துத் தைத்த சட்டையில் கேப்டன்களாக நடந்தார்கள். அவள் தோளில் மூன்று பட்டைதான் இருந்தது.

கழுகுக்கு நாற்காலி கிடைத்தது. அது சுழல்கிற நாற்காலியாகவும் இருந்தது, அதில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். வீட்டில் டீச்சரிடம், "ஒரு பொண்ணு, பயந்தாங்கொள்ளி, வண்டியப் புடுங்கி மேல தூக்கிட்டா. நான் மட்டும் நிதானமா இல்லைன்னா என்ன ஆயிருக்கும்?" என்று சொன்னார். டீச்சரும் அதைப் பள்ளிக்கூட ஓய்வறையில் நாலு பேரிடம் சொன்னார்.

நாற்காலியில் உட்கார்ந்தவர் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. ஒரு பொய்யைச் சொன்னவன் அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டுமே. வகுப்பு எடுத்தார். பலகையில் மலையை வரைந்து, பக்கத்தில் வளைவாக ஒரு கோடு போட்டு, "இந்த எடத்துல மாமியார் கத்தும். கம்பெனியே பாத்து, வீண் சத்தம்னு எழுதி வெச்சாச்சு. ஓடுபாதை தெரியுதா? அப்ப போயிக்கிட்டே இருக்கணும்" என்றார். இளம் கேப்டன்கள் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள். அந்த வளைவுக்குக் கழுகு வழி என்றே பெயர் வந்துவிட்டது. அவர் மட்டும் அதற்குப் பிறகு இரவில் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலிக்கு வந்தபின் பறப்பது குறைவு, பறந்த நாளிலும் ஏதாவது சாக்குச் சொல்லிச் சுற்றியே வந்தார். "பயணிகளுக்கு ஊரக் காட்டலாம்னுதான்" என்பார். இருட்டில் எந்த ஊரைக் காட்டினாரோ!

அப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. அந்த மலை ஊரில்தான் அவர்கள் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்த சேதி வந்ததும் கழுகும் டீச்சரும் பயணிகளாகக் கிளம்பினார்கள். டீச்சர் மடியில் ஒரு பை, அதில் தன் கையால் பின்னிய சின்னச் சின்னக் காலுறைகள். கம்பெனிப் பெரிய மனுஷன் என்பதால் முதல் வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். எதிரே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், பணிப்பெண்ணின் மடக்கு இருக்கை. அவள் தலைக்குப் பக்கத்தில் விமானிகளோடு பேசுகிற போன் தொங்கியது.

கிளம்புவதற்கு முன்னால் கேப்டன் வெளியே வந்து வணக்கம் சொன்னான். சின்னப் பையன், கழுகின் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவன்.

"சார் நம்ம வண்டில! என் பாக்கியம் சார். பேரக் குழந்தையைப் பாக்கப் போறீங்களாமே. லேட் பண்ண மாட்டேன். உங்க வழியிலயே எறக்கிடறேன்."

கழுகின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இல்லப்பா... அவசரம் ஒண்ணும் இல்ல..." என்றார். பையன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"நல்ல பையன்," என்றார் டீச்சர். "மரியாதை தெரிஞ்சவன்."

வழியெல்லாம் கழுகு எதையும் சாப்பிடவில்லை. பழச்சாறு கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று பார்த்தார். என்னவென்று சொல்வது? 'என் வழியில் போகாதே' என்றால் ஏன் என்று கேட்பானே. தூக்கம் வருவதுபோல் கண்ணை மூடினார், மூடியதும் விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மறுபடி திறந்துகொண்டார். வெளியே நன்றாக இருட்டிவிட்டிருந்தது.

விமானம் இறங்க ஆரம்பித்தது. பெல்ட்டைப் போடச் சொன்னார்கள். சக்கரங்கள் தடதடவென்று இறங்கின. சுற்று வழியென்றால் இவ்வளவு சீக்கிரம் சக்கரம் இறங்காது. அடுத்து இடது இறக்கை சாய்ந்தது. அந்தச் சாய்வு அவருக்குத் தன் வீட்டு மாடிப்படியைப்போல் பழக்கம்.

பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு மாமியார் குரல் கேட்காது. அது விமானிகள் அறைக்குள் மட்டும்தான் கத்தும். வாழ்நாளெல்லாம் வாயை மூடாதா என்று அவர் அலுத்துக்கொண்ட அந்தக் குரலை இப்போது கேட்க முடியவில்லையே என்று கழுகு தவித்தார். ஜன்னல் வழியே பார்த்தார். ஒன்றும் இல்லை. கறுப்பு. ஊர் மெச்சிய கண்ணை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் கறுப்புதான்.

"ஏங்க கைய இப்படி நசுக்கறீங்க, வலிக்குது!" என்றார் டீச்சர்.

கழுகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்துவிட்டார்.

"சார், உக்காருங்க! எறங்கப் போறோம்!" என்றாள் பணிப்பெண்.

"போன குடும்மா."

"இப்பப் பேசக்கூடாது சார், உங்களுக்கே தெரியும்..."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது! போன குடு!" என்று அவள் தலைக்கு மேலே கையை விட்டுப் போனைப் பிடுங்கினார். மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. உள்ளே யாரோ எடுத்தார்கள்.

"யாரு?" ஒரு பெண்ணின் குரல். பின்னால் "டெரெய்ன்! டெரெய்ன்!" என்று கேட்டது.

கழுகுக்கு அந்தக் குரல் யாருடையது என்று உடனே புரிந்தது. உள்ளே துணை விமானியாக உட்கார்ந்திருந்தவள் மருமக.

"திரும்பச் சொல்லும்மா அவன! தூக்கச் சொல்லு! அந்த வழி வேணாம்!"

"நானும் அதத்தான் சார் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க பாத்த எடம்னு கேக்கவும் மாட்டேங்குறாரு, கன்ட்ரோல விடவும் மாட்டேங்குறாரு. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு என்ன தெரிஞ்சுது?"

"விளக்குதான்! ஓடுபாதை விளக்கு மட்டுந்தான்! மலை தெரியலடா தம்பி, சத்தியமா எனக்கு மலை தெரியல! பொய் சொன்னேன்! தூக்குடா!"

இதை அவர் சாதாரணமாகச் சொல்லவில்லை. தொண்டை கிழியக் கத்தினார். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துக்கொண்டார். அடுத்த கணம் இயந்திரங்கள் உறுமின, மூக்கு எழும்பியது, கழுகு நிலைதடுமாறிப் பணிப்பெண்ணின் காலடியில் போய் உட்கார்ந்தார். போன் கம்பியில் தொங்கி அவர் நெற்றியில் இடித்தது. விமானம் ஏறிக்கொண்டே இருந்தது. ஏறி, நிமிர்ந்து, சமவெளிப் பக்கம் திரும்பியது.

பணிப்பெண் அவரைப் பிடித்துத் தூக்கி இருக்கையில் உட்காரவைத்துப் பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டாள். டீச்சர் மடியிலிருந்து விழுந்த காலுறைகளைக் குனிந்து பொறுக்கினார். எல்லாவற்றையும் பையில் வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"அப்ப, அந்தப் பொண்ணு பயந்தாங்கொள்ளின்னு சொன்னதெல்லாம்?"

கழுகு பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"நம்ம ரெண்டு பேரும் உள்ள உக்காந்ததும் வாயில உண்மை வருது. அன்னிக்கும் பின்னால ஆளுங்க உக்காந்துதானே இருந்தாங்க?"

சுற்று வழி அன்று அவருக்கு முடிவதாக இல்லை. டீச்சர் தன் கையை எடுத்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

தரையில் இறங்கியதும் பயணிகள் ஒவ்வொருவராகக் கழுகை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர் மட்டும், "ரொம்பப் பயந்துட்டீங்க போல, முதல் தடவையா?" என்று அன்பாக விசாரித்தார். கழுகு ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டே இருந்தார். எல்லோரும் போகட்டும், உள்ளே இருப்பவர்களும் போய்விடட்டும் என்று பார்த்தார். அவர்கள் போகவில்லை. கதவு திறந்தது. இளம் கேப்டன் முகம் வெளுத்து உள்ளேயே உட்கார்ந்திருந்தான். மருமக வாசலில் வந்து நின்றாள்.

"சார், இப்ப நீங்க சொன்னது எல்லாம் பதிவாயிருக்கும். ஆனா அத வெச்சு நான் போயிக் கேக்க மாட்டேன். நீங்களே ஆபீஸ்ல வந்து சொல்லணும். அந்த வழிய மூடணும்."

"பாக்கலாம்மா... அதுக்கு ஒரு முறை இருக்கு... சிக்கனம் சார்கிட்ட கலந்துக்கிட்டு..." என்று கழுகு மழுப்ப ஆரம்பித்தார். உயிர் திரும்பி வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் நாற்காலி ஞாபகம் வந்துவிட்டது பாருங்கள்.

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கழுகை ஒரு கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எந்த நாள், எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லும்மா," என்றார். "நானே கூட்டிக்கிட்டு வரேன்."